நாளுக்கொரு தாளும் நடவாத தேர்தலும்

கடல் நடுவே போர்ட் பிளேரில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் ஒரு தேதியும் மாலையில் வேறொரு தேதியும் நடக்கின்றன. சென்னையிலிருந்து கப்பல் வரும் நாளில் அப்பா வேலை முடிந்து திரும்பும்போது தமிழ்ப் பத்திரிகைக் கட்டொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் பகுதியான கராச்சர்மாவுக்கு வரும் பேருந்திலிருந்து இறங்குவார். இரண்டு வாரத் தாள்கள் சணல் கயிற்றால் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். எங்கள் சொந்த ஊரான தூத்துக்குடியிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு உடனே கட்டை அவிழ்த்துக் கடைசித் தாளை முதலில் பார்க்கத்தான் தோன்றும். இங்கே அது வழக்கமில்லை. தேதிப்படி அடுக்கி, காலைக் காப்பியோடு நாளுக்கு ஒன்றை மட்டும் பிரிப்போம். வந்த புதிதில் ஒருமுறை நான் அடியிலிருந்து ஒரு தாளை உருவிவிட்டேன். "நாளைக்குள்ளத இன்னைக்கே பிரிச்சிட்டா, நாளைக்கு என்னத்தட்டி படிப்ப?" என்று அப்பா அதை வாங்கி மறுபடியும் அடியில் செருகினார். ஆகவே எங்கள் காலைகள் உங்கள் காலைகளுக்குப் பதினேழு நாள் பின்னால் விடிகின்றன. மாலையில் வானொலி அன்றைய செய்தியைச் சொல்லிவிடும். ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்ட வழக்கின் விசாரணையையும், கரை கடந்துவிட்ட புயலின் முன்னறிவிப்பையும் மறுநாள் காலையில் உண்மையான கவலையோடு படிப்போம். இதனால் எங்களுக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை, சென்ற டிசம்பர் வரையில்.

அப்பா கடல்துறைப் பணிமனையில் ஃபிட்டர். எனக்குப் பத்து வயதானபோது அம்மாவும் நானும் இங்கு வந்து சேர்ந்தோம். வந்த ஐந்தாம் நாள், கைதிகள் காலத்திலிருந்தே இத்தீவில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "மெயின்லேண்ட் கப் ஜாயேகா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். பொருள் விளங்கியதும் அம்மா உள்ளே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்து ஒரு வாரம் ஆவல. எப்பம் போவன்னு கேக்கா." அது விரட்டுகிற கேள்வி அல்ல, நலம் விசாரிக்கிற முறை என்று புரிய எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் விடுப்புக்கோ கல்யாணத்துக்கோ மாற்றலுக்கோ ஒருநாள் கப்பலேறத்தான் செய்வார்கள். 'சாப்பிட்டாயா' என்று கேட்பது போல 'எப்போது போகிறாய்' என்று இங்கே கேட்கிறார்கள்.

கல்லூரியில் என்னையும் எல்லோரும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒருத்தியை மட்டும் யாரும் கேட்டதில்லை. அவள் ஷெஃபாலி. அவளுடைய தகப்பனார் கிழக்கு வங்காளத்திலிருந்து வெறுங்கையோடு வெளியேறி, வடக்கே ரங்கத் என்ற ஊரில் அரசு ஒதுக்கிய காட்டை வெட்டி வயலாக்கியவர். மேல்படிப்புக்காக அவள் போர்ட் பிளேர் விடுதியில் தங்கியிருந்தாள். திரும்பிப் போக அவளுக்கு ஓர் ஊர் இல்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்ததால், அந்த மரியாதைக் கேள்வி அவள் பக்கம் வராமலே நின்றுவிடும். சிலர் அவள் இல்லாத இடத்தில் அவளை 'ரிஃப்யூஜி' என்று குறிப்பிடுவார்கள்.

சென்ற ஆண்டு மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் குணசேகரன். கட்டடக் கான்ட்ராக்டரின் மகன், எங்கள் ஊர்க்காரர், மேடையில் மணிபோலப் பேசுவார். மற்றவள் ஷெஃபாலி. அதுவரை எந்தப் பெண்ணும் நின்றதில்லை. குணா அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து முன்மொழிவுத் தாளை நீட்டியபோது, "நம்ம ஊருப் பையன், போட்டுக் குடு" என்றாள் அம்மா. நான் கையெழுத்திட்டேன். ஷெஃபாலி நிற்கப்போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுதினால், அது பிறகு யோசித்துச் செய்துகொண்ட பெருமையாகிவிடும்.

வாக்களிப்புக்கு முந்தின நாள் இரு வேட்பாளர்களும் ஒரே கேள்விக்குப் பதில் பேச வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். வாசிப்பறையில் சாய்வான மரப்பலகை ஒன்று உண்டு. கப்பலில் வரும் ஆங்கிலப் பத்திரிகைகளை அதன்மேல் நாளுக்கொன்றாக விரித்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் வீட்டு விதிதான் அங்கும். பேச்சுக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பலகையில் விரிந்திருக்கும் தாளிலிருந்துதான் கேள்வி எடுக்கப்பட வேண்டும். அன்றைக்குரிய தாள், அந்தக் கட்டின் கடைசித் தாள். எல்லையில் பதற்றம் இருந்தாலும் போர் மூளாது என்று தலைவர்கள் நம்புவதாக அதன் முதல் பக்கம் சொல்லியது. நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது: 'எல்லையில் நெருக்கடி திடீரென முற்றுமானால், நாட்டின் தலைமையில் இருப்பவராக நீங்கள் முதல் நாள் என்ன செய்வீர்கள்?' கேள்வியை அன்றே வேட்பாளர்களிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த கப்பல் வரும்வரை அந்தத் தாளே பலகையில் விரிந்து கிடந்தது.

பேச்சு நாளுக்கு முந்தின மாலை வானொலி, கிழக்கு வங்காளத்தை முன்னிட்டுப் போர் தொடங்கிவிட்டதை அறிவித்தது.

மறுநாள் காலை கூட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் பொருளியல் ஆசிரியரிடம், கேள்வியை மாற்றலாமா என்று கேட்டேன். அவர் மலையாளி, எங்களோடு தமிழில்தான் பேசுவார். "கேள்வி அதே கேள்வி தன்னெ. மாத்தணும்னா புதிய பேப்பர் வரணும். பேப்பர் வரணும்னா கப்பல் வரணும்." அந்தக் கப்பல் சென்னையிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதை நாங்கள் மதியத்தில்தான் அறிந்தோம்.

கூட்டம் இரண்டு மணிக்கு. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குள் விளக்கை மறைத்தாக வேண்டும் என்று உத்தரவு. கல்லூரி ஊழியர் இருவர் கூடத்து ஜன்னல்களில் கறுப்புத் தாளைப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒட்ட ஒட்ட மேடை மங்கிக்கொண்டு வந்தது. குணா அண்ணன் எழுந்து பேசினார். இந்தியில் தொடங்கித் தமிழில் ஏறி மீண்டும் இந்தியில் இறங்கினார். "போர் வராது. வரக் கூடாது. ஆனால் ஒருநாள் வந்துவிட்டால், அப்போது இந்தத் தீவின் கடைசி மாணவன் வரை..." என்று கையை உயர்த்தினார். கூடம் அதிரக் கைதட்டியது. நானும் தட்டினேன். கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள். நேற்று மாலை தொடங்கிவிட்ட போரை, இனி எப்போதாவது வரக்கூடியதாக வைத்துக்கொண்டு ஒருவர் பேசுகிறார். நூற்றைம்பது பேர் அதைக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். காலையில் கேள்வியை மாற்றலாமா என்று கேட்ட எனக்கும் சேர்த்து ஒருவருக்கும் உறைக்கவில்லை. பலகையில் எந்தத் தேதி விரிந்திருக்கிறதோ அந்தத் தேதியில் வாழ நாங்கள் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தோம்.

ஷெஃபாலி அதுவரை வந்திருக்கவில்லை. கைதட்டல் அடங்கும்போதுதான் வாசலில் தெரிந்தாள். சேலையின் ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. மேடையேறியவள் கேள்வித்தாளைக் கையில் எடுக்கவே இல்லை. அவள் பேசியது தீவின் இந்தி. அதைத் தமிழில் தருகிறேன்.

"பலகையில இருக்கிற தேதிக்குப் பதில் சொல்லணுமா சார், இன்னைக்குள்ள தேதிக்கா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அப்படியே அமுங்கியது. எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நொடியில்தான் தேதி மாறியது என்று நினைக்கிறேன்.

"காலையிலிருந்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில நின்னுட்டு வர்றேன். ரங்கத் போட் பந்த். மாயாபந்தர் போட் பந்த். எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியல. ஹாஸ்டல்ல வெளித்தீவுப் பிள்ளைங்க முப்பத்தினாலு பேர் இருக்கோம். அரிசி ஒன்பது நாளைக்கு இருக்கு. அடுத்த அரிசி வர்ற கப்பல்தான் மெட்ராஸ்ல நிக்குது. ஹாஸ்டல் துறைமுகத்துக்கு நேர் எதிர்ல. அதனால முதல் நாள் வேலை இதுதான். இந்த ஊர்ல வீடு இருக்கிறவங்க ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும். இருட்டுறதுக்கு முன்னால."

பின்வரிசையில் ஒருவன் தமிழில் சொன்னான்: "யுத்தத்தப் பத்திக் கேட்டா மெஸ்ஸப் பத்திப் பேசுது." சிரிப்பு எழுந்தது. அதன் மறைவில் இன்னொரு குரல்: "அது அவங்க ஊர்ச் சண்டைதானப்பா."

ஷெஃபாலி விடுதியில் மூன்றாண்டுகள் தமிழ்ப் பெண்களோடு அறையைப் பகிர்ந்தவள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் திசையை நோக்கித் திரும்பிக் குரலை உயர்த்தாமல் பேசினாள். "ஆமா, எங்க ஊர்ச் சண்டைதான். என் மாமா அங்கதான் இருக்கார். அப்படின்னா சண்டை வந்தா முதல் நாள் என்ன ஆகும்னு உங்களைவிட எனக்குத்தானே தெரியணும்? முதல் நாள் சோறுதான் நிக்கும். எங்க அப்பா சொல்லியிருக்கார்." பிறகு ஆசிரியர் பக்கம் பார்த்து, "ரெண்டாம் நாள் என்ன செய்வேன்னு ரெண்டாம் நாள் சொல்றேன் சார்" என்று இறங்கிவிட்டாள். கைதட்டல் அதிகமில்லை. முன்வரிசையில் தெலுங்குப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்ல ரெண்டு பேர்" என்றாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி. நான் பொது இடத்தில் எழுந்து பேசிப் பழகியவள் அல்ல. எழுந்தேன். "கராச்சர்மா, ரெண்டு பேர்" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் குணா அண்ணனை நிறுத்தினேன்.

"குணா அண்ணே, நாளைக்கு நான் ஷெஃபாலிக்குத்தான் ஓட்டுப் போடப்போறேன்."

"நீதான வடிவு முன்மொழிஞ்ச?"

"நீங்க நிக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன். ஜெயிக்கணும்னு போடல."

"ரகசிய ஓட்டுதான? போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம்லா. எங்கிட்ட வந்து ஏன் சொல்லுத?"

"ரகசியமாப் போட்டா ஒங்களுக்குத் தெரியாமப் போயிரும்லா."

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நேத்து சாயங்காலம் எங்க வீட்ல ரேடியோப் பெட்டிய விட்டு நகராம இருந்தவனே நான்தான். இங்க வந்து நின்னுக்கிட்டு, போர் வந்தான்னு பேசிருக்கேன் பாரு. ஒருத்தனாவது சொன்னானா? எல்லாப் பயலும் கையத் தட்டுதான்." நானும் தட்டியதைச் சொன்னேன். "நீயுமாட்டி?" என்றார். அதுவரை என்னை 'வடிவு' என்று மட்டுமே கூப்பிட்டவர், அப்பாவைப் போல 'ட்டி' போட்டுவிட்டார்.

அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. கல்லூரியை மறு உத்தரவு வரும்வரை மூடும்படி மூன்றரை மணிக்கு அறிவிப்பு வந்தது. நான் வெட்டி அடுக்கியிருந்த வாக்குச் சீட்டுகள் இன்றும் வாசிப்பறை அலமாரியில் உறையோடு இருக்கின்றன. நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஆனால் வாக்கைச் சொல்லிவிட்டேன். அதன் பலனாகக் குணா அண்ணனின் தாயார் எங்கள் அம்மாவோடு இரண்டு மாதம் பேசவில்லை.

நான்கு மணிக்குக் குணா அண்ணன் தம் தகப்பனாரின் லாரியோடு விடுதி வாசலில் நின்றார். பெட்டிகளையும் படுக்கைகளையும் தாமே ஏற்றினார். ஷெஃபாலி கையில் பட்டியலோடு முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் லாரியின் பின்புறத்திலிருந்து, "பிரெசிடெண்ட், அடுத்தது எந்த வீடு?" என்று கேட்டார். முதல் இரண்டு முறை அது கேலியாகத்தான் ஒலித்தது. டாலிகஞ்சில் ஆறு பேரை இறக்கிவிட்டு கராச்சர்மா ஏற்றத்தில் வரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் அதே சொல்லைக் கேட்டபோது குரலில் கேலி இல்லை. அதுவே அவளுடைய பெயர் என்பது போலத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு ஷெஃபாலியும் மாயாபந்தர் பெண் ஒருத்தியும் வந்தார்கள். அம்மா முதல் நாள் சோறு, பருப்பு, கீரை, மீன் எல்லாவற்றையும் சேர்த்துப் பரிமாறினாள். ஷெஃபாலி மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பருப்பைச் சாப்பிட ஆரம்பித்தாள். "நம்ம கொழம்பு அவளுக்கு எறங்கல" என்று அம்மா அடுப்படியில் முகம் வாடினாள். வங்காளிகள் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு மீனைக் கடைசியில் மரியாதையோடு எடுப்பார்கள் என்பது, அவள் முள்ளைக்கூட விடாமல் தின்று முடித்து இன்னொரு துண்டு கேட்டபோதுதான் விளங்கியது. அவளும் தாயின் சகோதரனை மாமா என்றே சொல்கிறாள் என்றறிந்ததும் அம்மாவுக்கு அவள்மேல் உறவே உண்டாகிவிட்டது. தினமும் காலையில், "ஒங்க மாமாட்டருந்து தாக்கல் உண்டா?" என்று தமிழிலேயே சேதி கேட்பாள். தபால் வராத நாட்கள் அவை. ஆனாலும் கேட்பாள்.

பெரிய நாடொன்றின் போர்க்கப்பல்கள் வங்கக் கடலை நோக்கி வருவதாக வானொலி சொன்ன மாலையில், பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே வந்து பழைய கேள்வியையே கேட்டார். முதல் தடவையாக அதில் உபசாரம் இல்லை. அச்சம் இருந்தது. "மெயின்லேண்ட் கப் ஜாயேகா?" பத்து ஆண்டுகளில் அம்மா அவருக்குச் சிரிப்பைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. அன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நஹி ஜாயேகா" என்றாள். உள்ளே வந்து, "சரியாச் சொன்னனாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். போக மாட்டோம் என்பதைச் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அவளை நினைத்து நான் நெஞ்சு நிமிர்ந்த நாட்களில் அதுவே முதலாவது.

போர் முடிந்தது. விளக்குகளின் மேலிருந்த தாளைக் கிழித்தோம். சில நாள் கழித்துச் சென்னைக் கப்பல் வந்தது. அப்பா இம்முறை இரட்டைக் கட்டைச் சுமந்து வந்தார். முப்பது தாள்கள். ஷெஃபாலி மறுநாள் காலைப் படகில் ரங்கத் போவதாக இருந்தது. அப்பா கட்டை அவளுக்கு முன்னால் வைத்துத் தம் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். "பிரெசிடெண்டம்மா, எந்த நாளு வேணுமோ எடுத்துப் பாருங்க. ஒங்க ஊருச் செய்தி இருக்கும்." எங்கள் குடும்ப வரலாற்றில் இது நடந்ததே இல்லை. ஷெஃபாலிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். தேதிகளைத் தள்ளித் தள்ளிப் போர் தொடங்கியதைச் சொல்லும் தாளை எடுத்தாள். பிரிக்கவில்லை. முனையைச் சிறிதாக மடித்து அடையாளம் வைத்து அதே இடத்தில் செருகினாள். "இது வர்ற அன்னைக்கு நான் வர்றேன் அங்கிள். அதுவரை ஒவ்வொண்ணா நீங்க படிங்க."

அப்படியாக எங்கள் வீட்டில் போர் ஜனவரியில் தொடங்கியது. சொன்னபடி அன்று காலை ஷெஃபாலி விடுதியிலிருந்து முதல் பேருந்தில் வந்துவிட்டாள். அம்மா வாசலிலேயே கேட்டாள். இம்முறை தாக்கல் இருந்தது. வீடு எரிந்துவிட்டது. மாமா உயிரோடு இருக்கிறார். அம்மா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் சொடுக்கிக்கொண்டாள்.

இதை எழுதும் இந்த வாரத்தில் கல்லூரியில் மறுபடியும் தேர்தல் நெருங்குகிறது. கூடத்துச் சுவரில் தலைவர்களின் பெயர் எழுதிய பலகையில் சென்ற ஆண்டுக்குரிய வரி வெறுமையாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் காரணம் கேட்டால், குணா அண்ணன் தம் பெயர் அங்கே இல்லாததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், லாரிக் கதையை எனக்குத் தெரிந்ததைவிட நீளமாகச் சொல்கிறார். கேள்வி எழுதும் பொறுப்பு இம்முறையும் என்னிடம் வந்திருக்கிறது. பலகையில் விரிந்திருக்கும் தாளை எத்தனை முறை பார்த்தாலும், என் மனம் அந்த ஜனவரிக் காலையில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் விரிந்த தாளுக்கே போகிறது.

அதில் ஒரு வரைபடம் இருந்தது. மேலே வங்காளம், கீழே கடல். ஷெஃபாலி தன் ஊரைத் தேடினாள். ஆறுகள் இருந்தன. அவ்வளவு சிறிய ஊர் இல்லை. தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அழுத்தி ஒட்டினாள். பிறகு கடலில் எங்கள் தீவுகளைத் தேடினோம். அவை இருக்க வேண்டிய இடத்தில் அளவுகோலையும் குறியீடுகளையும் கட்டம்கட்டி அச்சிட்டிருந்தார்கள். கட்டத்துக்கு அடியில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அப்பா சிரித்துவிட்டார். ஷெஃபாலி சிரிக்காமல் இரண்டாவது பருக்கையை அந்தக் கட்டத்தின் நடுவே ஒட்டினாள். மூன்றாவதை என் விரல்நுனியில் வைத்து, "தேரா?" என்றாள். உன்னுடையது எங்கே என்று பொருள். தூத்துக்குடி அந்தப் படத்தில் வரவே வராது. தாள் முடிந்து மேசை தொடங்கும் இடத்துக்கும் தெற்கே, எங்கோ மரத்தின்மேல் இருக்க வேண்டும். நான் கையை அங்கே கொண்டுபோனேன். பாதி வழியில் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் தாளின் விளிம்பிலேயே வைத்து அழுத்தினேன். சாப்பிட்டு முடித்து அப்பா தாளைத் தூக்கியபோது, அவளுடைய இரண்டு பருக்கைகளும் தாளோடு போயின. என்னுடையது மட்டும் பாதி தாளிலும் பாதி மேசையிலுமாகப் பிய்ந்தது.